இரண்டாவது பிரேக்

என் வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அவர் உட்காரும் பக்கத்திலும் காலடியில் ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்பவர் தடுமாறினால் இவர் அழுத்திவிடுவார். தடுமாறாவிட்டாலும் அழுத்திவிடுவார். ஊரில் பாதிப்பேர் அவரிடம் கற்றவர்கள்தான். அவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'பிரேக் சார்'. அது அவருக்கும் தெரியும், உள்ளூரப் பெருமையும் உண்டு. சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போதுகூட, படத்தில் கார் சீறிக்கொண்டு வந்தால் இவர் வலது கால் தரையை அழுத்தும். நான் சிரிப்பேன். எனக்கெல்லாம் அந்தப் பழக்கம் கிடையாது. மருந்துக் கடையில் நாள் முழுக்க நின்றே வேலை பார்ப்பவள் நான்; என் கால் என் பேச்சைக் கேட்கும்.

அந்த வலது கால்தான் உடைந்தது. காரில் இல்லை, குளியலறையில். சோப்புத் தண்ணீரில் வழுக்கி, கணுக்காலில் எலும்பு விரிசல் விட்டு, முழங்கால் வரை மாவுக்கட்டு. கட்டுப் பிரிக்கும்வரை வேலைக்குப் போகவே கூடாது என்றார் டாக்டர். சும்மா உட்காரத் தெரியாத மனிதரைச் சும்மா உட்கார வைத்தால் என்ன ஆகும்? அடுப்பைக் குறை, கத்தியை அப்படிப் பிடிக்காதே, ஸ்டூல்மேல் ஏறாதே என்று என் உயிரை எடுத்துவிட்டார்.

வெளியூரில் வேலை பார்க்கும் எங்கள் மகளிடம் போனில் புலம்பினேன். சில நாளில் ஒரு பார்சல் வந்தது. டிவியில் மாட்டி விளையாடும் பெட்டி, அதோடு அப்போதுதான் வெளிவந்திருந்த, அவளும் விளையாடுகிற ஒரு கேம்.

"நான் அனுப்பினேன்னு சொல்லாதேம்மா. நீயே வாங்கினேன்னு சொல்லிடு" என்றாள்.

அப்படிச் சொல்ல வேண்டிய நிலைமை. மகளும் இவரிடம்தான் ஓட்டக் கற்றாள். டெஸ்ட் அன்று ஆபீசர் பின்சீட்டில். பக்கத்தில் இருப்பவர் பிரேக்கைத் தொட்டால் ஓட்டுபவர் பெயில். அந்த விதி இவருக்கு மனப்பாடம். தூரத்தில் ஒரு சைக்கிள்காரர் திரும்பினார். மகள் பார்த்துவிட்டாள், காலையும் பிரேக்குக்குக் கொண்டுபோய்விட்டாள். அதற்குள் இவர் அழுத்திவிட்டார். கார் குலுங்கி நின்றது. ஆபீசர் பேனாவை மூடினார். மகள் கதவைத் திறந்து இறங்கி, வீடு வரைக்கும் நடந்தே வந்தாள்.

அதற்கப்புறம் அவள் வாயே திறக்காமல் இன்னொரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து பாஸ் பண்ணிவிட்டாள். பெட்ரோல் பங்கில் நாலு பேர் முன்னால் அந்த ஸ்கூல்காரர், "பிரேக் சார் பொண்ணே எங்ககிட்டதான் லைசென்ஸ் எடுத்துது" என்று சொல்லித்தான் இவருக்குத் தெரியும். வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

அன்றிலிருந்து இரண்டு பேரும் பேசுவதில்லை. சண்டையெல்லாம் போடவில்லை. "அப்பா சாப்பிட்டாரா?" என்று அவள் என்னிடம் கேட்பாள். "சாப்பிட்டேன்னு சொல்லு" என்று இவர் என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு சொல்வார். நடுவில் நான் தபால்காரி. எனக்கு அலுத்துப்போயிருந்தது. இப்படியே பழகிவிடுவார்களோ என்று பயமாகவும் இருந்தது.

கேமில், மஞ்சள் மழைக்கோட்டு போட்ட ஒரு குட்டி உருவம். இடமிருந்து வலமாக ஓடும், குதிக்கும். பள்ளத்தில் விழுந்தால் மறுபடி முதலிலிருந்து வரவேண்டும். புது வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து சொல்வாரே, அதே தோரணையில் முதல் நாளே தீர்ப்புச் சொன்னார்.

"எடுக்கிறது நல்லா எடுக்குது. குதிச்சப்புறம் நடுவானத்துலகூட திருப்பலாம், அது பரவால்ல. ஆனா நிறுத்தினா நிக்க மாட்டேங்குது, சறுக்கிட்டே போகுது. பாட்டு வேற காதைக் குடையுது."

பள்ளம் வந்ததும் இவர் மாவுக்கட்டு ஸ்டூல்மேல் டொக்கென்று அழுத்தும். குதிக்க வேண்டிய விரல் மட்டும் மறந்துவிடும். மழைக்கோட்டு உள்ளே போய்விடும்.

"ஏம்மா, இதுல பிரேக் எங்க இருக்கு?"

"குதிக்கிற விளையாட்டுக்கு எதுக்குங்க பிரேக்?"

அத்தோடு பெட்டியை மூலையில் போட்டிருப்பார். ஆனால் அதற்குள் கேமின் இன்னொரு பாதியைக் கண்டுபிடித்துவிட்டார். அதில் நாமே பாதை கட்டலாம். திரை முழுக்கக் கட்டம். கீழே செங்கல், ஸ்பிரிங், பல்சக்கரம், நகரும் பலகை எல்லாம் வரிசையாக இருக்கும். எடுத்து எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். "இன்னும் சாமான் போதாது, பலகையோட வேகத்தை மாத்தவே முடியல" என்று குறை சொல்லிக்கொண்டே பொழுதுக்கும் கட்டினார். எனக்கு நிம்மதி. அடுப்பு என் இஷ்டத்துக்கு எரிந்தது.

அவர் கட்டியதைப் பார்த்துவிட்டு எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஒவ்வொரு பள்ளத்துக்கு அடியிலும் ஒரு தரை, தரைமேல் ஒரு ஸ்பிரிங். விழுந்தால் துள்ளி மேலே வந்துவிடலாம். பல்சக்கரத்தைச் சுற்றிச் செங்கல் வேலி.

அந்த கேமில் ஒரு விதி உண்டு. கட்டியவரே ஒரு தடவை தன் பாதையை முடித்துக் காட்ட வேண்டும். அப்போதுதான் அது இன்டர்நெட் வழியாக மற்றவர்கள் விளையாடுவதற்குப் போகும். இவர் ராஜா மாதிரி உட்கார்ந்து முடித்தார், அனுப்பினார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "உன் பொண்ணுகிட்ட சொல்லு. வேணும்னா பாக்கட்டும்" என்றார். அவள்தான் வாங்கி அனுப்பினாள் என்பதை எப்போதோ மோப்பம் பிடித்திருக்கிறார். எனக்குத்தான் தெரியாமல் போயிற்று.

மறுநாள் சாயங்காலம் பாதைக்குக் கீழே ஒரு வரி வந்திருந்தது: 'இதுல விழவே முடியலையேப்பா.'

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி மறுபடி படித்தார். "அப்பான்னு போட்டிருக்கா" என்றார். அவள் இவரிடம் நேராகப் பேசி எவ்வளவு காலமாகிவிட்டது! நான் அடுப்பைப் பார்க்கிற மாதிரி எழுந்து போய்விட்டேன். என் கண்ணை அவர் பார்த்திருந்தால் கேலி செய்திருப்பார்.

திரும்பி வந்தபோது அவர் பள்ளங்களுக்கு அடியில் இருந்த தரைகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தார். கடைசிப் பள்ளத்தில் கை நின்றது. அதுதான் இருப்பதிலேயே அகலம், நடுவில் ஒரு நகரும் பலகை மட்டும். சும்மா வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அதன் தரையையும் அழித்தார்.

அனுப்ப வேண்டுமென்றால் இவரே அதைத் தாண்ட வேண்டுமே! விழுந்தார், விழுந்தார், விழுந்துகொண்டே இருந்தார். மாவுக்கட்டு டொக் டொக்கென்று அடித்தது. கடைசியில் ஸ்டூலைத் தள்ளச் சொல்லி, காலைச் சோபாமேல் நீட்டிக்கொண்டார். அழுத்துவதற்கு எதுவும் இல்லாமல் போன பிறகுதான் குதிக்க வந்தது. பாதை முடிவில் இருக்கும் கொடிக்குப் பக்கத்தில் மழைக்கோட்டு போய் நின்றதும், லைசென்ஸ் வாங்கினவன் மாதிரி என்னைப் பார்த்தார்.

அனுப்பியாயிற்று. விளையாடுபவர் விழுந்த இடத்திலெல்லாம் பாதையில் ஒரு சின்னப் பெருக்கல் குறி விழும். கட்டியவர் அதைப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைசிப் பள்ளத்தில் குறிகள் வர ஆரம்பித்தன. வேறு யாரும் அதைச் சீண்டவில்லை, விளையாடியது அவள் ஒருத்திதான். ஒன்றின்மேல் ஒன்றாகக் குறி விழுந்தது.

"பாவம், விழுந்துட்டே இருக்கா" என்றார். பாதையைத் திரும்ப எடுத்துத் தரையைப் போட்டுவிடலாம். அதற்கும் ஒரு பட்டன் இருக்கிறது. கட்டைவிரல் அதன்மேல் போய் உட்கார்ந்தது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் அவரே கேம் ரிமோட்டை என் மடியில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டார்.

குறிகள் நின்றன. கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. என் போன் இல்லை, அவருடையது.

"அப்பா, தாண்டிட்டேன்!"

"பாத்தேன் பாப்பா" என்றார். அப்புறம் இரண்டு பேரும் அந்தப் பலகையின் வேகத்தைப் பற்றியே பேசினார்கள். டெஸ்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வைக்கும்போது அவள், "கட்டுப் பிரிக்கிற அன்னிக்கு நானே கார் எடுத்துட்டு வரேன்" என்றாளாம்.

வந்தாள். போகும்போது கால் நீட்ட வேண்டும் என்று இவர் பின்சீட்டில் ஏறிக்கொண்டார். கட்டைப் பிரித்த பிறகும் முன்னால் வரவில்லை. "நீ உக்காரு" என்று என்னை முன்னால் தள்ளிவிட்டார். அன்றைக்கு முன்னால் அவர் பின்சீட்டில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

மகள் நன்றாகவே ஓட்டினாள். கடைத்தெரு திருப்பத்தில் ஒரு சரக்கு வேன், சந்திலிருந்து பின்பக்கமாகவே ரோட்டுக்கு வந்தது. என் வலது கால் தரையை ஓங்கி அழுத்தியது. கார் அலுங்காமல் நின்றது.

"அம்மா, அங்க பிரேக் இல்ல" என்றாள் மகள்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. இவர் சிரிக்கப்போகிறார் என்று திரும்பிப் பார்த்தேன். கண்ணை இறுக மூடியிருந்தார். இரண்டு காலையும் தரையில் படாமல் தூக்கிப் பிடித்திருந்தார். கட்டுப் பிரித்த கால் வெளுத்து, மெலிந்து, நடுங்கிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே அப்படித்தான் வந்திருக்கிறார் போல.

"நின்னுடுச்சா?" என்று கேட்டார்.

"நின்னுடுச்சுப்பா."

"நீதானே நிறுத்தின?"

"நான்தாம்பா."

"அப்ப சரி" என்று காலைக் கீழே வைத்தார்.