அம்மா உட்கார்ந்த கடைசி பெஞ்சு

அம்மா நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்தச் சிறு நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினரும் நண்பரும் முதல் பக்கத்தில் ஒரு குறையைக் காண்பீர்கள். மறைவு என்ற இடத்தில் தேதி இருக்கிறது, தோற்றம் என்ற இடத்தில் இல்லை. அச்சுக்கூடத்துக்காரர், "பொறந்த தேதி இல்லாம எப்படிம்மா அடிக்கிறது? சும்மா ஒண்ணு சொல்லுங்க, யாருக்குத் தெரியப்போவுது?" என்றார். பொய்த் தேதி வேண்டாம், காலியாகவே விடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் பாதிப் பிள்ளைகள் பிறந்த தேதியை மனப்பாடமாக வைத்திருந்தவர் அம்மா. தம்முடையதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

காரணம் எங்கள் சபையின் சட்டம். பிறந்தநாள் கொண்டாடக் கூடாது. வேதத்தில் பிறந்தநாள் விருந்து வைத்தவர்கள் இரண்டு பொல்லாத ராஜாக்கள்தாம், இரண்டு விருந்திலும் ஒரு உயிர் போயிற்று என்று மூப்பர் ஐயா ஆண்டுதோறும் பிரசங்கம் செய்வார். பொல்லாத ராஜாக்கள் குதிரையிலும்தான் ஏறினார்கள், அதற்காக யார் குதிரையை விட்டார்கள் என்று சின்ன வயதிலேயே எனக்குத் தோன்றும். வாய்விட்டுக் கேட்டால் அம்மா தொடையில் கிள்ளுவார். இறந்த நாளுக்கு நினைவு மலர் போடலாமாம், பிறந்த நாளுக்குப் பாயசம் கூடாதாம். இதை எழுதும்போதும் எனக்கு அந்தக் கணக்குப் புரியவில்லை.

அம்மா பிறந்தது பாளையங்கோட்டைப் பக்கம். கல்யாணமான கையோடு நாகப்பட்டினத்தில் கப்பலேறி அப்பாவுடன் மலாயாவுக்கு வந்தார். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. எனக்கு நினைவு தெரியுமுன்பே காய்ச்சலில் அப்பா போய்விட்டார். ரயில்வே வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். கைக்குழந்தையான என்னைத் தூக்கிக்கொண்டு அம்மா ஒரு கடை மாடியில் அறை எடுத்தார். ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குச் சேர்ந்து, பார்த்துப் பார்த்தே மருத்துவச்சி ஆனார். தமிழர் வீடு, சீனர் வீடு, கம்பம் என்னும் மலாய்க்காரர் கிராமம் என்று எங்கிருந்து ஆள் வந்தாலும் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். கொடுத்ததை வாங்கிக்கொள்வார். முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

ஒரு பேறுகாலம் மட்டும் அம்மாவின் கை மீறிப் போயிற்று. எங்கள் தெருவில் மாதா கோயிலுக்குப் போகும் ஒரு ரயில்வே குடும்பம். பெண் குழந்தை பிறந்தது, தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை. குழந்தைக்குத் தங்கம் என்று பெயர் வைத்தார்கள். தகப்பனாருக்குக் கிள்ளானுக்கு மாற்றலாகி, அவருடைய அக்கா வந்து பிள்ளையை வளர்த்தார்.

ஐந்து ஆண்டு கழித்து, கிள்ளானில் ஒரு பிரசவம் பார்க்கப் போன அம்மா அந்த வீட்டிலும் எட்டிப் பார்த்தார். அன்று தாயின் நினைவு நாள். காலையில் பூசை முடிந்து வந்திருந்தார்கள். தங்கத்தைத் தாயின் படத்துக்கு முன்னால் முழங்கால் போடவைத்து, "அம்மாகிட்ட மன்னிப்புக் கேளு, நீ வந்துதானே அவ போனா" என்று அத்தை சொல்லிக்கொண்டிருந்தாராம். அந்த அத்தையைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. தம்பி மனைவி மேல் உயிரையே வைத்திருந்தவர், துக்கம் அவரை அப்படிப் பேசவைத்தது. அம்மா வீடு திரும்பி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்த ஆண்டு அதே தேதியில் எங்கள் அடுப்பில் சவ்வரிசிப் பாயசம் மணந்தது. தேங்காய்ப்பால் ஊற்றி, முந்திரி போட்டு! யாருக்கு என்று கேட்டேன். "தங்கத்துக்கு இன்னைக்கு ஆறு வயசு" என்றார். தூக்குச்சட்டியில் ஊற்றி, ஒரு புதுக் கவுனையும் மடித்து வைத்து, என்னையும் கூட்டிக்கொண்டு ரயிலேறினார். கிள்ளானில் அந்தப் பிள்ளையை மடியில் உட்காரவைத்து, அத்தை காது கேட்கவே சொன்னார்: "உன்னைய முதல்ல தூக்கினது இந்தக் கைதான். நீ பொறந்தது நல்ல நாளுட்டி. உங்க அம்மா உன் முகத்தைப் பார்த்துச் சிரிச்சா. நான் பார்த்தேன்." அத்தை சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

எனக்கு வயிறு எரிந்தது. பதினொரு வயது, ஒரு பிறந்தநாளுக்காவது எனக்கு ஒரு கரண்டிப் பாயசம் கிடைத்ததா? அந்த ஞாயிற்றுக்கிழமை வேதபாட வகுப்பில் எழுந்து நின்று போட்டுக்கொடுத்துவிட்டேன். "எங்க அம்மா பொறந்தநாளுக்குப் பாயசம் வச்சாங்க." சொல்லும்போது இனித்தது.

ஆராதனை முடிந்ததும் மூப்பர் ஐயா அம்மாவை எல்லார் முன்னாலும் விசாரித்தார்.

"சகோதரி, சட்டம் தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும் ஐயா. மனுசன் தன்னைத்தானே பெரிசா நெனைக்கக் கூடாதுன்னுதானே அந்தச் சட்டம். நல்ல சட்டம். ஆனா அந்தப் பிள்ளை தன்னைப் பெரிசா நெனைக்கல ஐயா. தான் பொறந்ததே பாவம்னு நெனைக்குது. அது அப்படி இல்லைன்னு சொல்ல எனக்கு வேற வழி தெரியல."

"அப்ப இனிமே செய்ய மாட்டேன்னு சொல்லுங்க."

"அடுத்த வருசமும் போவேன் ஐயா. பொய் சொல்லச் சொல்லாதீங்க."

மூன்று மாதம் அம்மா திருவிருந்துக்கு வரக் கூடாது, கடைசி பெஞ்சில்தான் உட்கார வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. திருவிருந்தின் அப்பத்தட்டு அவரைத் தாண்டிப் போன ஒவ்வொரு ஞாயிறும் நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யார் சொன்னது என்று அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். சாகும்வரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதன் பிறகு அம்மா செய்ததைத்தான் நீங்கள் கேட்க வேண்டும். ஒவ்வொரு ஆண்டும் கிள்ளானுக்குப் போகுமுன் மூப்பர் ஐயாவிடம் சொல்லிவிட்டுப் போவார். திரும்பி வந்து, யாரும் சொல்லாமலே மூன்று மாதம் கடைசி பெஞ்சில் உட்காருவார். சில ஆண்டு கழித்து மூப்பர் ஐயாவே அலுத்துப்போய், "போதும் சகோதரி, முன்னால வாங்க" என்றார். "சட்டம்னா சட்டம்தானே ஐயா" என்று அம்மா அசையவில்லை. சட்டத்தை முணுமுணுக்காமல் மதித்தவரும், மறைக்காமல் மீறியவரும் ஒரே ஆளாக இருந்ததை நான் வேறெங்கும் கண்டதில்லை.

கடைசி நாட்களில் அம்மாவின் கால்கள் வீங்கிவிட்டன. பிடித்துவிட்டுக்கொண்டே, பதின்மூன்று ஆண்டுக்கு மேல் அடக்கிவைத்ததைக் கேட்டுவிட்டேன். "எனக்கு ஏம்மா ஒரு தடவகூடச் செய்யல?"

"நீ பொறந்தது தப்புன்னு உன்னைய யாருட்டி சொன்னா?" என்றார் அம்மா. "அப்படி ஒருத்தர் சொல்லியிருந்தா, உனக்கும் வச்சிருப்பேன்."

அம்மா போன நான்காம் மாதம் தங்கத்தின் நாள் வந்தது. முதல்நாள் முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இருபது வயதுப் பெண்ணுக்குப் பாயசம் எதற்கு என்று என்னையே ஏய்த்துப் பார்த்தேன், முடியவில்லை. விடிந்ததும் அடுப்பை மூட்டினேன். தூக்குச்சட்டியோடு ஸ்டேஷனுக்குள் நுழைந்தால் எதிரே மூப்பர் ஐயா!

"என்னம்மா அது?"

"பாயசம் ஐயா. கிள்ளானுக்கு."

சட்டியின் மூடியை அழுத்திப் பார்த்தார். "ரயில்ல கூட்டமா இருக்கு. சாய்ச்சிடாமப் பிடிச்சுக்கோ" என்று சொல்லி வழிவிட்டார்.

தங்கம் வாசலிலேயே நின்றிருந்தாள். "இந்த வருசம் யாரும் வர மாட்டாங்கன்னு நெனச்சேன்க்கா" என்று என் தோளில் விழுந்து அழுதாள். நானும் அழுதேன். அத்தைதான் எங்கள் மூவருக்கும் பாயசம் ஊற்றினார். "உங்களுக்கு எப்பக்கா பொறந்தநாள்?" என்று தங்கம் கேட்டாள். என்னிடம் அதுவரை யாரும் கேட்டிராத கேள்வி. சொன்னேன். அடுத்த ஞாயிறு கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அங்கிருந்தும் எல்லாம் நன்றாகவே கேட்கிறது.

அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட டாக்டர் ஐயாவுக்கும், கஞ்சி கொண்டுவந்த கீழ்க்கடைச் சீன அம்மாவுக்கும், அம்மா பிரசவம் பார்த்துப் பிறந்த பிள்ளைகளாய் வந்து பெட்டியைச் சுமந்தவர்களுக்கும், அடக்க ஆராதனையில் கண்கலங்கிய மூப்பர் ஐயாவுக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி. கடைசியாக, தங்கத்துக்கு நன்றி. நான் சொன்ன தேதியை மறக்காமல், போன மாதம் அதே தூக்குச்சட்டியோடு கிள்ளானிலிருந்து வந்தாள். பாயசத்தில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை நான்.