சின்னுசாமி பாடி கட்டிய கம்ப்யூட்டர்

திருச்செங்கோட்டுச் சின்னுசாமி குடிக்க மாட்டார், சீட்டாட மாட்டார். அவருக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம், தண்ணீருக்குப் போட்ட போர்க்குழியை எல்லாம் வீடியோ எடுப்பது. ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிக்கு மேனேஜராக ராஜஸ்தான், சத்தீஸ்கர் என்று வாழ்நாளில் பாதியை ஊரான் காடு தோட்டத்தில் கழித்தவர். வடக்கே மழை பிடித்தால்தான் வீடு திரும்புவார். வரும்போதெல்லாம் எடுத்த வீடியோவைச் சேலத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் பிரான்சிஸிடம் கொடுத்து ஒரு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி வாங்கிக்கொள்வார். அப்படிச் சேர்ந்த ஆறு டிஸ்க்கும் பழைய வேட்டித் துணியில் சுற்றப்பட்டு, அவர் மனைவி செல்லியம்மாளின் பீரோவில் பட்டுச் சேலைகளுக்கு நடுவே குடியிருந்தன.

செல்லியம்மாளுக்கு அந்த ஆறையும் கண்டால் ஆகாது. கட்டிய சேலையைவிட அவற்றுக்குத்தான் பாச்சை உருண்டை அதிகம் செலவாகிறது என்பது அவள் கட்சி.

"ஏனுங்க, தண்ணி வர்றத எவனாச்சும் உக்காந்து பாப்பானுங்களா? பழைய இரும்புக்குப் போட்டா பேரீச்சம்பழமாச்சும் கெடைக்கும்" என்பாள்.

சின்னுசாமி டிஸ்க்கை மறுபடி வேட்டித் துணியில் சுற்றி வைப்பார். ஆனால் அந்தப் பேச்சு அவருக்குச் சுருக்கென்று தைக்கும். முழங்கால் மக்கர் செய்து வேலையை விட்டு வீட்டோடு வந்தாயிற்று. இத்தனை வருஷம் பெண்டாட்டியைத் தனியே விட்டுவிட்டு எங்கே போய் என்ன செய்தார் என்பதற்கு அவரிடம் இருந்த சாட்சி அந்த ஆறு டிஸ்க்தான். அவளோ அதில் ஒரு குழியைக்கூடப் பார்த்ததில்லை. ஒருமுறையாவது உட்கார்ந்து பார்த்தால் போதும் என்பது அவர் ஆசை.

இந்த நேரம் பார்த்து ஒரு டிஸ்க் 'டக் டக்' என்று சத்தம் போட ஆரம்பித்தது. பேரிங் போன வண்டிச் சத்தம் அவருக்குத் தெரியாதா என்ன? அடுத்த பஸ்ஸிலேயே சேலத்துக்கு ஓடினார்.

"நல்லவேளை அண்ணா, இப்பவே கொண்டாந்தீங்க. எல்லாத்தையும் கிளவுட்ல ஏத்திடலாம்" என்றான் பிரான்சிஸ்.

"கிளவுடுன்னா மேகந்தானுங்க தம்பி? மேகத்த நம்ப முடியலைன்னுதான எங்கூர்க்காரன் ஊர் ஊரா போர் போட்டுக்கிட்டு இருக்கறான். அது ஆவாதுங்க. கண்ணு முன்னால இருக்கோணும்."

சிரித்து முடித்துவிட்டுப் பிரான்சிஸ் வேறு வழி சொன்னான். வீட்டிலேயே ஒரு பெரிய கம்ப்யூட்டர். பழைய டிஸ்க் ஆறு, ஒவ்வொன்றுக்கும் ஜோடியாகப் புது டிஸ்க் ஒன்று. ஒன்று செத்தாலும் ஜோடி பிழைத்துக்கொள்ளும். போர்டு, பவர் சப்ளை எல்லாம் கடையில் இருக்கிறது. பன்னிரண்டு டிஸ்க் பிடிக்கிற கேபினட்தான் இல்லை, வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டும்.

"தகரப் பெட்டிக்கு வெளியூருங்களா? எம் மச்சினன் நாமக்கல்ல லாரிக்கே பாடி கட்றான். நீங்க அளவ மட்டும் சொல்லுங்க."

"த்ரீ பாயின்ட் ஃபைவ் இன்ச் டிஸ்க்குண்ணா" என்று சொல்லிவிட்டு, அந்த நேரம் வந்த வேறு வாடிக்கையாளரிடம் திரும்பிவிட்டான் பிரான்சிஸ். வினை அங்கேதான் பிறந்தது.

மச்சினன் மணியன் அக்கா வீட்டு வேலை என்று ஆசையாகச் செய்தான். பத்து டன் சுமை ஏற்றப் போகிறவன் மாதிரி கெட்டித் தகடு போட்டு, மூலைக்கு மூலை ஆங்கிள் வைத்து, பச்சையும் மஞ்சளும் பெயின்ட் அடித்து, பின்பக்கம் 'மெதுவாகச் செல்லவும்' என்றும் எழுதிவிட்டான். இரண்டு ஆள் தூக்கி வந்து வைத்தார்கள். பிரான்சிஸும் சேலத்திலிருந்து சாமான்களோடு வந்து சேர்ந்தான். எலுமிச்சம்பழம் நசுக்கிப் பூஜை போட்டு, சின்னுசாமி முதல் டிஸ்க்கை எடுத்து அறையில் செருகினார். போகவில்லை. திருப்பிச் செருகினார். போகவே இல்லை.

மணியன் டேப்பை எடுத்து அறையை அளந்தான். மூன்றரை இஞ்ச், மயிரிழை பிசகில்லை. டிஸ்க்கை அளந்தான். நாலு இஞ்ச்.

"மூணரைங்கிறது சும்மா பேருதாங்கண்ணா. அகலம் நாலு" என்றான் பிரான்சிஸ், குரல் இறங்கி.

சின்னுசாமிக்கு வந்ததே கோபம். "ஆறரை இஞ்ச் போருன்னு சொல்லிப்போட்டு ஏழு இஞ்ச்ல குழி போட்டா காசு குடுக்கற காட்டுக்காரன் உடுவானுங்களா? பேரு ஒண்ணு, அளவு ஒண்ணுன்னு இது என்னங்க நாயம்?"

மணியன் வெட்டிப் பெரிதாக்கித் தருகிறேன் என்றான். அதற்குள் 'டக் டக்' டிஸ்க் செத்துவிடுமே என்று பிரான்சிஸ் பதறினான். இன்றைக்கே நகல் எடுத்தாக வேண்டும், டிஸ்க்கெல்லாம் ஒன்றோடொன்று உரசாமல் காற்றாட நின்றால் போதும் என்றான். எல்லார் கண்ணும் சமையலறையில் இருந்த தட்டு ஸ்டாண்டின்மேல் விழுந்தது.

செல்லியம்மாள் தட்டுகளை இறக்கினாள், முணுமுணுத்துக்கொண்டே. கம்பியில் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி டிஸ்க்குகளை நிறுத்தினார்கள். தன் ஸ்டாண்டை இவர்களை நம்பி விட முடியாது என்று அவளும் காவலுக்கு எதிரிலேயே உட்கார்ந்தாள். சின்னுசாமி கேட்டு வராதவள் தட்டு ஸ்டாண்டுக்காக வந்து உட்கார்ந்தாள்.

சரியாக ஓடுகிறதா என்று பார்க்கப் பிரான்சிஸ் ஒரு வீடியோவைத் தட்டினான். சத்தீஸ்கரில் ஏதோ கிராமம். குழியிலிருந்து புகையாகப் புழுதி, பிறகு சேறு, பிறகு பனைமர உயரத்துக்குத் தண்ணீர். படம் எடுக்கிற சின்னுசாமியின் குரல் மட்டும் கேட்டது: "செல்லியம்மா! தண்ணி வந்திருச்சு பாரு!"

உடனே அந்த ஊர்ச் சனமெல்லாம் கைகூப்பி, "செல்லியம்மா, செல்லியம்மா" என்றது. ஒரு கிழவி குழியோரம் தேங்காய் உடைத்தாள்.

செல்லியம்மாள் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். "என்னங்க இது?"

"அந்தக் காட்டுல போன் எடுக்காது. யாருகிட்டயாச்சும் சொல்லோணும்னு இருக்கும், உன்னையக் கூப்புடுவேன். அவிய நம்மூர்ச் சாமி பேருன்னு நெனச்சுக்கிட்டாங்க."

"நீங்க இல்லைன்னு சொல்லலையா?"

"அவிய பாசை எனக்குத் தெரியாது புள்ள."

மணியன் விழுந்து விழுந்து சிரித்தான். கண்காணாத ஊரில் கும்பிடு வாங்கிய அக்காவுக்கு வெட்கமும் சந்தோஷமும் தாங்கவில்லை. இன்னொன்று போடச் சொன்னாள், அப்புறம் இன்னொன்று. எல்லாவற்றிலும் தண்ணீரும் அவள் பேரும் வந்தன.

"தண்ணி வராத குழியில யாரக் கூப்புட்டீங்க?" என்று கேலியாகக் கேட்டாள்.

"அதெல்லாம் வேண்டாம், உடு" என்று சின்னுசாமி எழுந்துகொண்டார். ஆனால் பிரான்சிஸ் அதற்குள் அடுத்த வீடியோவைத் தட்டிவிட்டான். 'டக் டக்' டிஸ்க்கில் இருந்தது அது. வெறும் புழுதி. ரிக்கை நிறுத்திவிட்டார்கள். காட்டுக்காரர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருக்கிறார். படம் எடுக்கிற சின்னுசாமியின் குரல், மெதுவாக: "செல்லி, ஊட்டுக்கு வந்தரலாம்னு இருக்குது."

யாரும் சிரிக்கவில்லை. ஊருக்குள் வந்து போனில் பேசும்போதெல்லாம் நல்லா இருக்கறேன், நல்லா இருக்கறேன் என்றே சொன்ன மனிதர் அவர். செல்லியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவர் பக்கம் திரும்பவில்லை. பிரான்சிஸைப் பார்த்துச் சொன்னாள்:

"தம்பி, தண்ணி வந்ததெல்லாம் பொறவு பாத்துக்கலாமுங்க. மொதல்ல இத நகலெடுத்து வைங்க."