அத்தானின் கரண்டியும் என் பிக்காசும்

மண் கிண்டுவதற்கென்று சனிக்கிழமைகளில் அலாரம் வைத்து எழும்புகிறவர்களை நான் ஒருநாளும் மதித்ததில்லை. என் அக்காவின் கணவர், அதாவது என் அத்தான், அப்படி ஒருவர். விமான நிலையத்துச் சரக்குக் கொட்டிலில் வாரத்தில் ஐந்து நாள் பெட்டி தூக்குவார். ஆறாம் நாள் பச்சையும் மண்ணிறமுமாகத் திட்டுத் திட்டாய்ச் சாயம் போட்ட காற்சட்டை, காதில் பெரிய ஹெட்போன், கையில் மெட்டல் டிடெக்டர் என்று இலண்டனுக்கு வெளியே யாரோ ஒரு விவசாயியின் வயலுக்குப் போய்விடுவார். யுத்தத்துக்குப் பயந்து இந்த நாட்டுக்கு ஓடிவந்த மனிதர், தலை நரைத்த பிறகு பட்டாளத்துக்காரன் மாதிரி உடுத்திக்கொண்டு நிலத்தைத் தடவித் தடவி நடப்பார். ஊரில் கண்ணிவெடி தேடியவர்களும் இப்படித்தான் நடந்தார்கள். அவர்களுக்குச் சம்பளமாவது கிடைத்தது.

ஆறு வருடத் தேட்டம் முழுவதும் ஓர் ஐஸ்கிரீம் பெட்டிக்குள் அடங்கியிருந்தது. பித்தளைப் பொத்தான்கள், துருப்பிடித்த பட்டிக் கொளுக்கி, வளைந்த கரண்டி, பியர் டின்னின் வளையங்கள், எதற்கென்று அவருக்கே தெரியாத ஈயக்கட்டிகள். அக்கா வீட்டுக்கு யார் போனாலும் தேத்தண்ணிக்குப் பிறகு அந்தப் பெட்டி வரும். கலியாண அல்பம் காட்டுவதுபோல ஒவ்வொன்றாய் எடுத்து வைப்பார்.

“அத்தான், உந்தக் கரண்டியை மினுக்கினால் சொதி விடலாமோ?” என்று நான் கேட்பேன்.

எல்லாரும் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். நக்கலடித்தால் கோபம் வர வேண்டும். வராத மனிதனை என்ன செய்வது?

இனி என் மனைவியின் தோட்டுக்கு வருகிறேன். அவளுக்குக் கர்ப்பப்பை எடுக்கும் ஒப்பரேஷன். வெள்ளிக்கிழமை காலை ஆஸ்பத்திரியில் உடம்பில் ஒரு பொட்டு உலோகமும் இருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தாலிக்கொடியையும் காப்பையும் முதலே பாங்க் லொக்கரில் வைத்துவிட்டோம். கடைசிவரை கழற்றாமல் வைத்திருந்தது கல்லுத்தோடு சோடியைத்தான். கலியாணத்துக்கு அவளுடைய அம்மா செய்து போட்டது. முப்பத்தொரு வருடமாய்க் காதை விட்டு இறங்கியதில்லை. தாதி ஒருத்தி சவர்க்காரம் போட்டுத்தான் சுரையைத் திருகி எடுத்தாள்.

“வீட்டில வைக்காதேங்கோ. கள்ளர் தமிழாக்கள் வீடாய்ப் பாத்துத்தான் உடைக்கிறாங்கள்,” என்றாள் மனைவி. “உங்களோடயே வைச்சிருங்கோ. நான் வீட்டுக்கு வெளிக்கிடேக்க கொண்டு வாங்கோ. மூளிக் காதோட நான் வாசல்படி மிதிக்க மாட்டன்.”

முகம் துடைக்கிற லேஞ்சிக்குள் முடிந்து என் கையில் தந்தாள். அவள் அவ்வளவு பயந்து நான் கண்டதில்லை. கத்திக்கல்ல, வெறுங்காதுக்குப் பயம். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனபோது இரண்டு கையாலும் காதுகளை மூடிக்கொண்டு போனாள்.

நடைபாதையில் தனியே இருந்தபோது, கோயில் பக்கம் நக்கலடிக்க மட்டுமே போகிற நான் ஒரு நேர்த்தி வைத்தேன். அவள் நல்லபடி வந்தால் ஞாயிற்றுக்கிழமைத் தேருக்குப் பின்னால் பிரதட்டை செய்கிறேன் என்று. தொந்தியும் தொப்பையுமாய்த் தேர் வீதியில் உருளும் ஆண்களைப் பார்த்து அரிசி மூட்டை அவிழ்ந்துவிட்டது என்று வருடா வருடம் சொன்ன வாய் இது. ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. நான் மாட்டிக்கொண்டேன்.

கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு விளையாட்டுக் கழகத்தின் புற்றரை இருக்கிறது. தேர் அதைச் சுற்றிவர வருடத்தில் ஒருநாள் இடம் தருவார்கள். அன்று விடியப் பெய்த மழையில் புல் சேறாகிவிட்டது. தேர் நாளில் தமிழர் வீடெல்லாம் பூட்டிக் கிடக்கும் என்று கள்ளருக்கும் தெரியும். அதனால் தோட்டை வீட்டில் வைக்கவில்லை. அக்காவிடம் கொடுத்திருக்கலாம். காரில் வைத்திருக்கலாம். நானோ லேஞ்சியோடு வேட்டி மடிக்குள் சொருகி, அதற்குமேல் சால்வையை இறுக்கிக் கட்டினேன். மடியை நம்பாமல் எதை நம்புவது என்ற நினைப்பு. மடியில் பொன்னை வைத்துக்கொண்டு சேற்றில் உருண்ட மடையனை இந்த நகரம் அதற்கு முன் கண்டிருக்காது.

வீட்டுக்கு வந்து வேட்டியை அவிழ்த்தபோது லேஞ்சி இருந்தது. முடிச்சு இல்லை. தோடும் இல்லை.

அப்படியே திரும்பிப் போனேன். அக்காவும் வந்தாள். இருட்டும்வரை இருவரும் குனிந்து குனிந்து பார்த்தோம். ஆயிரம் பேரின் கால்களும் தேர்ச் சில்லும் மிதித்த புல்லில் எதைக் காண்பது? புதன்கிழமை மனைவியை வீட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். திங்கட்கிழமை காலை நான் போய் நின்றது, வேறு வழியில்லாமல், அத்தானின் வாசலில்.

அவர் ஒரு பகிடிகூட விடவில்லை. நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டேன்.

“தோட்டின்ர படம் இருக்கோ?” என்று கேட்டார். காட்டினேன். “எந்தப் பக்கமாய் உருண்டனீர்? எங்க எழும்பினனீர்?” கடித உறையின் பின்பக்கத்தில் புற்றரையைக் கீறி, நான் உருண்ட வழியைப் புள்ளியிட்டார். கழகத்து மைதானக்காரருக்கு ஃபோன் பண்ணி அனுமதியும் கேட்டார். செவ்வாய் காலை வரலாம், ஆனால் கிண்டின இடம் தெரியக்கூடாது என்றாராம் மைதானக்காரர்.

“என்னட்ட மண் கிண்டுற கரண்டி ஒண்டுதான் இருக்கு, தம்பி. ரெண்டு பேரும் கிண்டினால் கெதியா முடியும். வாரும், உமக்கும் ஒண்டு எடுப்பம்.”

அவருடைய ஷிப்ட் முடிந்ததும் ஹவுன்ஸ்லோவில் ஒரு கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். டயர்க் கடைக்கும் கம்பளக் கிடங்குக்கும் நடுவில், மண் கிண்டுவதற்கென்றே ஒரு கடை. அப்படி ஒன்று இருப்பதே எனக்கு அவமானமாய்ப் பட்டது. முழங்காலுக்கு மெத்தை, இடுப்புக்குப் பட்டி, பட்டியில் குப்பைக்கு ஒரு பை, புதையலுக்கு ஒரு பை. பொன் கழுவ நெளிநெளியாய் வரி போட்ட பிளாஸ்டிக் தட்டங்கள். கரட் மாதிரி கையில் பிடித்துக் குத்தும் பின்பொயின்டர். குழிக்குள் விட்டால் உலோகம் இருக்கும் இடத்தைக் கீச்சிட்டுக் காட்டுமாம். கறிக்கு மீன் தெரிந்தெடுப்பதுபோல நாலு பெரிய மனிதர்கள் மண்வெட்டிப் பிடிகளைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இதுகளுக்கு வீட்டில் வேலையே இல்லையா என்று நினைத்தேன்.

கடைக்காரர் தாடி வைத்த வெள்ளைக்காரர். புற்றரை என்றதும் ஒரு சாண் நீளக் கரண்டி ஒன்றை எடுத்து வைத்தார். ஒரு விளிம்பில் அரிவாள் பல். புல்லை மூன்று பக்கம் அறுத்து, நாலாம் பக்கத்தை விட்டு, பெட்டி மூடிபோல் திறக்க வேண்டும். மண்ணைக் கையால் உதிர்த்துப் பார்த்துவிட்டு மூட வேண்டும். பக்கத்தில் சுவரில் பிக்காசுகள் தொங்கின. ஒரு பக்கம் கூர், மறுபக்கம் அகன்ற தகடு, தலையில் உருண்டைக் காந்தம். அவுஸ்திரேலியாப் பக்கம் காய்ந்த கல்லு நிலத்தில் பொன் தேடுகிறவர்களுக்கானது அது, ஆணியும் இரும்புத் துண்டும் காந்தத்தில் ஒட்டிக்கொள்ள மிச்சத்தில் பொன்னைத் தேடுவார்கள், உங்களுக்குத் தேவைப்படாது என்றார். சொல்லும்போது என் மினுக்கிய சப்பாத்தை ஒருதரம் பார்த்தார்.

அந்தப் பார்வைதான் என்னைக் கெடுத்தது. பிக்காசைக் கழற்றிக் கையில் எடுத்தேன். பாரம் நன்றாய் இருந்தது.

“எனக்கு இது காணும், வேற வேண்டாம்,” என்றேன்.

“தம்பி, அது கல்லுத் தரைக்கு,” என்றார் அத்தான் மெதுவாய். “இஞ்ச சேத்து மண். தோடு ஒரு அங்குலத்துக்குள்ளதான் கிடக்கும். கரண்டி எடும்.”

“எங்கட ஆக்கள் பாறையில கிணறு வெட்டின ஆக்கள், அத்தான். கரண்டியால கிண்டினால் சிரிப்பினம்.”

கிணறு வெட்டியவர்கள் வெட்டினார்கள், உண்மைதான். நான் வெட்டவில்லை. நான் கந்தோரில் பேனை பிடித்தவரின் மகன். மண்வெட்டியைப் பிடித்தால் கொப்புளம் வரும் என்று வீட்டில் விடமாட்டார்கள். இங்கே வந்தும் இருபது வருடமாய்க் கவுன்சிலில், பார்க்கிங் டிக்கெட்டுக்கு முறைப்பாடு எழுதுகிற சனங்களுக்கு ஏலாது என்று பதில் எழுதுவதுதான் என் உழைப்பு. அந்தக் கடையில் அது ஒருவருக்கும் தெரியக்கூடாது என்றிருந்தது. பிக்காசை வாங்கிக்கொண்டு வந்தேன்.

செவ்வாய் காலை புற்றரையில் எங்கள் இருவரையும் தவிர யாருமில்லை. அத்தான் நான் உருண்ட வழியில் கயிறு கட்டி, டிடெக்டரை இடமும் வலமுமாய் நிலத்தோடு ஒட்டி வீசிக்கொண்டு அடியடியாய் வந்தார். அது கத்தும் இடத்தில் முழங்காலில் இருந்து, புல்லை அறுத்துத் திறந்து, மண்ணை விரலால் பிசைந்து பார்த்து, மூடித் தட்டிவிட்டு எழும்புவார். சோடாப் போத்தல் மூடி. கற்பூரப் பைக்கற்றின் ஈயத்தாள். தேரில் கழன்ற ஆணி. ஒவ்வொன்றையும் இடது பைக்குள் போட்டார். அவர் மூடின இடத்தைத் திரும்பிப் பார்த்தால் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் பிக்காசைத் தோளில் வைத்துக்கொண்டு பின்னால் நடந்தேன். அவர் எனக்கு ஓர் இடமும் காட்டவில்லை.

இரண்டு மணித்தியாலம் கழித்து ஒரு தோடு வந்தது. புல்லின் வேருக்குள் செருகிக் கிடந்ததை விரலாலேயே எடுத்தார். தண்ணிப் போத்தலால் கழுவி என் உள்ளங்கையில் வைத்தார். ஏழு கல்லும் இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்க ஒன்றுமில்லை.

நாலடி தள்ளி டிடெக்டர் மறுபடியும் கத்தியது, முதல் தோட்டுக்குக் கத்தியதுபோலவே. அத்தானின் முகம் மலர்ந்தது.

“இதுதான் போல. பொறும், பின்பொயின்டரால இடத்தைப் பாத்திட்டு…” என்று பட்டியில் கைவைத்தார்.

காலை முழுக்கப் பாரத்தைச் சும்மா சுமந்த எனக்கு ஒரு தோட்டையாவது நானே எடுத்துக் கொடுக்க வேண்டும் என்றிருந்தது. அவர் கை பட்டியில் இருக்கும்போதே பிக்காசை ஓங்கிப் போட்டேன். தகடு சேற்றுக்குள் வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. அடியில் சிறியதொரு சத்தம் கேட்டது.

மண்ணோடு வந்தது பாதித் தோடு. மற்றப் பாதி குழிக்குள். மூன்று கல் சிதறிவிட்டது. அத்தான் குழிக்குள் குனிந்து அரை மணித்தியாலம் மண்ணை உதிர்த்து இரண்டு கல்லைப் பொறுக்கினார். மூன்றாவது வரவேயில்லை. பிறகு நான் கிழித்துவைத்த புல்லைத் துண்டு துண்டாய்ப் பொருத்தி அமத்தினார்.

“அவவுக்கு என்னெண்டு சொல்லப் போறீர்?” என்று மட்டும் கேட்டார்.

“தெரியேல்லை,” என்றேன்.

தலையாட்டிவிட்டுக் கரண்டியைத் துடைத்து உறைக்குள் வைத்தார்.

புதன்கிழமை சொல்ல வேண்டிய வசனத்தைக் காரில் பலதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். வார்டில் மனைவி உடுத்து ஆயத்தமாய்க் கட்டிலில் இருந்தாள். நான் வாயைத் திறக்கமுன் கையை நீட்டினாள்.

“தாங்கோ பாப்பம். அண்ணை விடியவே ஃபோன் எடுத்திட்டார்.” என் அத்தான் அவளுக்கு அண்ணை. “விழுத்தினது நீங்களாம், அதையும் சொன்னார். கிண்டேக்க தன்ர கை தவறிப் பட்டு ஒண்டு உடைஞ்சிட்டுது எண்டு மன்னிப்புக் கேட்டவர். பாவம், அழாக்குறை. உந்த விசர் விளையாட்டை விடச் சொல்லி நீங்களும் எத்தினை தரம் சொல்லியிருப்பியள்.”

சொல்லிப் பழகின வசனத்தை விட்டுவிட்டு லேஞ்சியை அவள் கையில் வைத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஓம்,” என்றேன்.

ரெய்னர்ஸ் லேனில் எங்கள் வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். அவள் இறங்கவில்லை. முழுத்தோட்டை வலது காதில் போட்டாள். விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கு முறித்து, சுடுதண்ணியில் கழுவிக்கொண்டு வரச் சொன்னாள். கொண்டுபோய்க் கொடுத்தேன். அதில் ஒரு துண்டை இடது காதில் செருகிக்கொண்டு, வயிற்றுத் தையலைப் பிடித்தபடி படியேறினாள். அழவில்லை. நான்தான் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

உடைந்த தோட்டை ஒரு நகைக்கடைக்காரர் ஒட்டித் தந்தார். ஒரு கல் மட்டும் நிறம் சேரவில்லை. கண்ணாடிக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம் அவள் அந்தக் காதைத் தொட்டுப் பார்த்து, “உங்கட அத்தானும் அவற்ற கரண்டியும்” என்பாள். நான் மறுத்துச் சொன்னதில்லை. பிக்காசு எங்கள் பின்வளவுக் கொட்டிலில் பெயின்ட் டின்களுக்குப் பின்னால் கிடக்கிறது. ஆறு வருடம் ஒரு மனிதனை விசரன் என்று சிரித்துவிட்டு, கடைசியில் என் விசரையும் அவர் தலையில் ஏற்றிவிட்டேன். என்னைவிடக் கேவலமான ஒருவனை நான் சந்தித்ததில்லை.

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தோம். தேத்தண்ணி முடிந்தது, ஐஸ்கிரீம் பெட்டி வரவில்லை. என் மனைவி இருக்கும்போது அவர் அதை எடுப்பதில்லையாம், அக்கா குசினியில் சொன்னாள். திரும்பி வந்து அவருக்கு முன்னால் இருந்தேன். அவர் என் கோப்பையை எட்டிப் பார்த்து, “இன்னும் கொஞ்சம் விடட்டோ, தம்பி? சீனி காணுமோ?” என்று கேட்டார்.