இசை வராத இடம்

செக் நாட்டுக்காரர் ஒருவரிடம் மகள் உதவியாளராகச் சேர்ந்திருக்கிறாள் என்றதும் நான் முதலில் செய்த காரியம், அவரை இணையத்தில் தேடியது. நாடகத்துக்கும் சினிமாவுக்கும் இசையமைப்பவர், எழுபதைத் தாண்டியவர். பொம்மலாட்டக் கம்பெனி ஒன்றில் பியானோ வாசிக்கத் தொடங்கி, குழந்தைகள் படங்களுக்கு வந்தவர். நடுவில் சில ஆண்டுகள் ஒரு படமும் இல்லை. அந்த இடைவெளி என்னை உறுத்தியது. எதை மறைக்கிறார்?

"மறைக்கலம்மா. மியூசிக்லயே தங்களக் கிண்டல் பண்றார்னு அப்ப இருந்த கவர்மென்ட் அவருக்கு வேலையே குடுக்கல," என்றாள் மகள்.

"அவரே சொன்னதுதானே?"

"அரே, வேற யார் சொல்லுவாங்க?"

என் சந்தேகமும் அதுதான்.

ஒரு மராத்தி நாடகக் குழு அவரைப் புனேவுக்கு அழைத்திருந்தது. ஒத்திகை ஊரின் மறுகோடியில், கோர்படியில் ஒரு பழைய மண்டபத்தில். மகள் எங்கள் வீடு இருக்கும் சாங்வியிலிருந்து பஸ்ஸில் போய்வருவாள். வந்ததும், செருப்பைக் கழற்றுவதற்குள் அன்றைய கதை முழுவதையும் கொட்டிவிடுவாள். அப்படியும் ஒருநாள் நான் சொல்லாமல் அங்கே போனேன்.

கதவு சாத்தியிருந்தது. காதை வைத்துக் கேட்டேன். பாட்டு இல்லை, பேச்சு இல்லை. இசையமைப்பாளர் இருக்கும் இடத்தில் இத்தனை நேரம் எதற்கு மௌனம்? மகள் பெயரைக் கத்தியபடி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

வசனமே இல்லாத ஒரு காட்சியை நடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். மகள் கையில் ஸ்டாப்வாட்ச். இசை எங்கே வரக்கூடாது என்று முதலில் அளந்துகொண்ட பிறகுதான் அவர் எழுதத் தொடங்குவாராம்.

அவரே எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். "எங்கள் ஊரிலும் கதவுக்குப் பின்னால் நின்று கேட்கும் அரசாங்க ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் இவ்வளவு சத்தம் போட்டதில்லை," என்றார் ஆங்கிலத்தில்.

யாரோ சிரித்தார்கள். மகள் சிரிக்கவில்லை.

அதன்பிறகு அவள் வீட்டுக்கு வந்தால் நேராக அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அந்த மனிதர் என்னைப் பற்றி அவளிடம் என்ன சொல்லி வைக்கிறாரோ என்றும் தோன்றியது.

போன வாரம் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அந்தப் பேச்சில்லாத சீன்ல கதவு திறக்கிற சத்தம் வேணுமாம். நீ தள்ளின மாதிரி ஒருத்தராலயும் தள்ள முடியலையாம். ரெகார்ட் பண்ணக் கூப்பிடுறார்."

"என்னை வச்சுக் கிண்டல் பண்றாரா?"

"பண்ணுவார். கவர்மென்டையே விடல, உன்ன விடுவாரா?"

"அவர் கூப்பிடுறாரா, நீ கூப்பிடுறியா?"



"நான்தான். ஆனா இந்த ஒரு தடவைதான் கதவத் தட்டாம வரலாம்."