குளிர்ந்த மெஷினைத் தொட்டுப் பார்த்தவர்

விடிந்தும் விடியாத நேரத்தில் ஜெனிட்டா அழைத்தாள். மரியநாயகம் அண்ணனின் மூத்த மகள். அந்த நேரத்தில் அவள் பெயர் போனில் தெரிந்ததுமே விஷயம் இன்னதென்று விளங்கிவிட்டது. "அங்கிள், அப்பா போயிட்டாரு. தூக்கத்துலயே" என்றாள். வத்தேகமவில் அவர்கள் வீட்டுத் தகரத்தில் மழை விழும் சத்தம் அவள் குரலுக்குப் பின்னால் கேட்டது. கஷ்டப்படவில்லையே என்று கேட்டேன். இல்லை என்றாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மரண நோட்டீஸ் அடிக்க வேண்டும், தானே கடைக்கு வருவதாகச் சொன்னாள்.

அவரை நினைவுகூர வந்திருக்கும், அவரை அறிந்த உங்களிடம் ஒளிக்க என்ன இருக்கிறது? எனக்கு உடனே அழுகை வரவில்லை. கடையின் அச்சு மெஷின் நிற்காமல் ஓடுமா என்றுதான் முதலில் நினைத்தேன். என் இடத்தில் அவர் இருந்திருந்தாலும் இதைத்தான் நினைத்திருப்பார். மழை, குளிர், இரவெல்லாம் அணைந்து கிடந்த மெஷின், ஈரம் குடித்த பேப்பர், கதிரையில் காத்திருக்கும் சாவு வீட்டு ஆள். எப்படிப்பட்ட காலையை மனதில் வைத்து அந்த மெஷினை அவர் தேடித் தேடி எடுத்தாரோ, அதே காலை அவருக்காகவே வந்துவிட்டது.

உங்களில் சிலர் அவரைக் கோயில் பாடற்குழுவில் எல்லோரையும்விடச் சுருதியில் ஒரு படி மேலே ஏறிப் பாடுகிறவராக அறிந்திருப்பீர்கள். சிலருக்கு அவர், கல்யாணக் கார்டின் மூலையில் வைக்க விரும்பிய கிளிகளை வேண்டாம் என்று தடுத்த மனிதர். எனக்கு அவர் தொழில் கூட்டாளி. கண்டி நகரத்துக்குள் ஒரு குறுகலான கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருவரும் சேர்ந்து அச்சகம் நடத்தினோம். பங்கு சமம்தான், ஆனாலும் என்னை அவர் "முதலாளி" என்றே கூப்பிடுவார். நான் அவசரப்பட்டு எதையாவது முடிவெடுக்கும்போது அந்தச் சொல் இன்னும் கொஞ்சம் நீளும்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. சாவு வேலை வந்தால் மற்ற எல்லா வேலையும் தள்ளி நிற்கும். ஆஸ்பத்திரியிலிருந்து உடல் வீட்டுக்கு வருவதற்குள் நோட்டீஸ் தெருவில் ஒட்டியிருக்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். சந்தியில் இறங்குகிற உறவுக்காரர், எந்த வீடு என்று யாரிடமும் கேட்கக்கூடாது, லைட் போஸ்டில் இருக்கும் முகம் வழிகாட்ட வேண்டும் என்பார். சாவு வீட்டு ஆள் உட்காருவதற்கென்று மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு கதிரை போட்டிருந்தார். அதில் வேறு யார் உட்கார்ந்தாலும் எழுப்பிவிடுவார், என்னையும் சேர்த்துத்தான்.

பழைய மெஷினோடு நாங்கள் பட்ட பாட்டை உங்களில் நம் தொழில்காரர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மழைக்காலத்தில் ஒரு காலை, பேராதனை ஆஸ்பத்திரியில் தாயைப் பறிகொடுத்த ஒருவர் அந்தக் கதிரையில் வந்து உட்கார்ந்தார். மெஷின் சில தாள்களை விழுங்கிவிட்டு நின்றுவிட்டது. திறந்து சுருண்ட பேப்பரை உருவிப் போட்டால், இன்னும் சிலது ஓடி மறுபடி நிற்கும். கம்பெனியிடம் ஆள் அனுப்பச் சொன்னால், டெக்னீஷியன் கொழும்பில் இருக்கிறார், கடுகண்ணாவையில் மண் சரிந்து பாதை மூடிக்கிடக்கிறது என்றார்கள். நாயகம் அண்ணன் மழையில் மோட்டார் சைக்கிளில் போய் இன்னொரு அச்சகத்தில் அடித்துக்கொண்டு வந்தார். அதற்குள் சவப்பெட்டி வீட்டுக்குப் போய்விட்டது. அந்த மனிதர் ஒரு சொல் கடிந்து பேசவில்லை. பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, நனையாமல் இருக்க நோட்டீஸ் கட்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

"திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார் நாயகம் அண்ணன். அன்று பகல் அவர் சாப்பிடவில்லை.

புதிய மெஷின் வாங்குவது என்று அன்றே முடிவானது. எதை வாங்குவது என்பதில்தான் சண்டை. இரண்டு குடும்பத்துக்கும் சோறு போடுவது அந்த ஒரு மெஷின். பிழையாகத் தெரிவு செய்தால் இன்னொன்று வாங்க எங்களுக்குக் கதி கிடையாது, கடையைப் பூட்ட வேண்டியதுதான். அந்தப் பயம் இருவருக்கும் இருந்தது. எனக்குப் பயம் வந்தால் அவசரம் வரும், அவருக்குப் பயம் வந்தால் நிதானம் வரும். வேகமாக ஓடுகிற, பளபளப்பான ஒன்றைப் பார்த்து நான் மயங்கிக் கிடந்தேன். அவர் அந்த விளம்பரத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "வேகம் எல்லாம் சரி முதலாளீ, நின்னா யாரு வருவா?" என்று கேட்டார். நான் எரிந்து விழுந்தேன்.

ஷோரூம்களுக்குக் கொண்டுபோக ஒரு சோதனைத் தாள் வேண்டும் என்றார். கம்பெனிக்காரர்கள் வைத்திருக்கும் பூவும் பழமும் எந்த மெஷினிலும் அழகாகத்தான் வரும், நாம் அடிக்கிறதை அடித்துப் பார்க்க வேண்டும் என்பது அவர் வாதம். நாம் அடிக்கிறது மரண அறிவித்தல். ஆனால் இறந்துபோன யாருடைய முகத்தையோ கடை கடையாகக் காட்டிக்கொண்டு போக அவருக்கு மனம் வரவில்லை. ஆகவே தன் படத்தையே வைத்து, தன் பெயரையே போட்டு, மனைவி மக்கள் பெயரெல்லாம் எழுதி, ஒரு முழு நோட்டீஸ் தயாரித்துவிட்டார். திகதி மட்டும் இல்லை. வாயைக் கழுவுங்கள், இந்த விளையாட்டெல்லாம் வேண்டாம் என்று கத்தினேன்.

"என் மூஞ்சி என்ன நிறம்னு எனக்குத்தானே தெரியும்? மெஷின் கொஞ்சம் சிவப்பாக்குனாலும் கண்டுபிடிச்சிருவேன்" என்றார் அவர், கண்ணாடியைத் துடைத்தபடி.

அந்தக் கொழும்புப் பயணங்களை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஒரே பையில் சோற்றுப் பார்சலும், எங்கள் கடை ஜன்னலோரம் வேண்டுமென்றே மழைக்காற்றில் வைத்திருந்த பேப்பர் கட்டும். ஷோரூமின் குளிரூட்டிய அறையில் காய்ந்து கிடக்கும் பேப்பரில் ஓட்டிக் காட்டுவதை அவர் ஏற்கமாட்டார். உள்ளே நுழைந்ததும் வணக்கம் சொல்வதற்கு முன்னாலேயே மெஷினின் முதுகில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். வெதுவெதுப்பாக இருந்தால் முகம் மாறிவிடும். ஏற்கனவே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறீர்கள், அணைத்துவிடுங்கள், குளிரட்டும், பிறகு பார்க்கிறோம் என்று சிங்களத்தில் பணிவாகச் சொல்லிவிட்டு ஓரமாகப் போய் உட்காருவார். சாவு யாருக்கும் மெஷின் சூடான பிறகு வருவதில்லை என்பார் என்னிடம். ஒரு ஷோரூமின் விற்பனைப் பெண், நோட்டீஸில் இருக்கும் முகத்தையும் எதிரில் இருக்கும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அதற்கப்புறம் எங்களுக்குக் கோப்பி கொண்டுவரவேயில்லை.

நான் மயங்கிய மெஷினில் அவர் முகம் முதல் தாளில் செங்கல் நிறத்திலும், கடைசித் தாளில் மஞ்சளாகவும் வந்தது. எங்கள் ஈரப் பேப்பர் வெளியே வரும்போது பாயைப் போலச் சுருண்டது. அதில் அடித்த கார்டொன்றை மடித்து, மடிப்பில் நகத்தால் உரசினார். கறுப்பு மை பொடியாக உதிர்ந்தது. அவர் அந்த நகத்தை என்னிடம் நீட்டிக் காட்டினார். அவ்வளவுதான். அந்த மெஷினின் பேச்சை அதற்குமேல் நான் எடுக்கவில்லை.

அவருக்குப் பிடித்த மெஷின் பார்க்க ஒரு பழைய அலுமாரி மாதிரி இருந்தது, வேகமும் குறைவு. குளிரிலிருந்து எழுந்து ஓடியது, தாளில் முகத்தின் நிறம் மாறவில்லை. அப்போதும் அவர் வாங்கலாம் என்று சொல்லவில்லை. அதே மெஷின் தெல்தெனியவில் ஒரு கடையில் ஓடுவதாகக் கேள்விப்பட்டு அங்கே என்னை இழுத்துக்கொண்டு போனார். கடைக்காரர் ஒரு முஸ்லிம், எல்லோரும் நானா என்று கூப்பிடுகிறவர், பேச்சில் கெட்டிக்காரர். மெஷினைப் பற்றி நல்லதாகவே சொன்னார். நாயகம் அண்ணன் தலையாட்டிக் கேட்டுவிட்டு, குப்பைக்கூடையைக் கொஞ்சம் பார்க்கலாமா என்றார். நான் கூச்சத்தில் வெளியே போய் நின்றுகொண்டேன். திரும்பிப் பார்த்தால், இரண்டு பேரும் தரையில் குந்தியிருந்து குப்பையைக் கிளறிக்கொண்டிருக்கிறார்கள். வெட்டிய ஓரங்கள் இருந்தன, பிளேன்டி குடித்த கடதாசிக் கோப்பைகள் இருந்தன. சிக்கிக் கசங்கிய தாள் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

"நாங்க பொய் சொன்னாலும் இது சொல்லாது, என்ன நானா?" என்றார். நானா சிரித்துக்கொண்டே, "நீங்க பொண்ணு பாக்கப் போன வீட்டுலயும் இப்படித்தான் கிண்டினீங்களா?" என்று கேட்டார். அன்று எங்களைச் சாப்பிடாமல் அவர் அனுப்பவில்லை.

கடைசியாக ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. மெஷினைப் பொருத்தவும் பழுது பார்க்கவும் வரும் டெக்னீஷியனின் வீடு எங்கே? கம்பெனி முகாமையாளர் உத்தரவாதம், ஒப்பந்தம் என்று அடுக்கிக்கொண்டே போனார். இவர் விடவில்லை. மண் சரிந்தால் உத்தரவாதம் பாதை கடந்து வராது, கடுகண்ணாவைக்கு இந்தப் பக்கம் வீடு உள்ள ஆள் வேண்டும் என்றார். பேராதனைப் பக்கம் குடியிருக்கும் சுனில் என்ற சிங்களப் பையனை அவர்கள் காட்டிய பிறகுதான் கையெழுத்துப் போட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே சீனிச்சம்பலும் பாணும் எடுத்துக்கொண்டு சுனில் வீட்டுக்குப் போய், அவன் அம்மாவிடம் பேசிவிட்டும் வந்தார். "மெஷினை வாங்குறது லேசு முதலாளி, வர்ற ஆளைத்தான் பார்த்து வாங்கணும்" என்பது அன்று பஸ்ஸில் வரும்போது சொன்னது.

மெஷின் வந்த பிறகு முதல் மழைக்காலம் முடியும்வரை அவர் நிம்மதியாக இருக்கவில்லை. மழை இருட்டிக்கொண்டு வந்தால் மெஷினையும் வானத்தையும் மாறி மாறிப் பார்ப்பார். ஒரு முறை நின்றது. சுனில் மதியத்துக்குள் வந்து சரிசெய்துவிட்டான், கதிரையிலும் அப்போது யாரும் இல்லை. அந்த மழைக்காலம் ஓய்ந்த அன்று அவர் கடையின் பின்பக்கம் போய், யாருக்கும் கேட்காது என்று நினைத்து, பாடற்குழுப் பாட்டொன்றை வழக்கம்போல ஒரு படி மேலே ஏற்றிப் பாடினார். எனக்கும் அன்றுதான் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது.

அவர் போன அன்று காலை நான் கடையைத் திறந்தபோது தெருவில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மெஷினின் முதுகைத் தொட்டேன். கல்லைப் போலக் குளிர்ந்திருந்தது. சுவிட்சைப் போட்டுவிட்டு, அது எழுந்திருக்கும்வரை கும்பிட்டபடி நின்றேன். ஜெனிட்டா நனைந்து வந்து, யாரும் சொல்லாமலே அந்தக் கதிரையில் உட்கார்ந்தாள். கைப்பையிலிருந்து படத்தை எடுத்து நீட்டினாள். அதே படம். பெயர்களை எழுதித் தரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினேன். பெயர்கள், உறவுகள், முகம் எல்லாம் அவர் வைத்த இடத்தில் இருந்தன. பிறகு சேர்ந்த மருமகன் பெயரைக்கூட எப்போதோ அவரே சேர்த்திருந்தார். நாங்கள் அதைப் பிரதி எடுத்து, பிரதியில் திகதியை மட்டும் போட்டோம்.

எப்படி இது தயாராக இருக்கிறது என்று கேட்டாள். ஷோரூம் கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணிலிருந்து நீர் கொட்டியது.

"அப்ப அப்பா கொழும்பு பூரா செத்து செத்து வந்திருக்காரு."

நானும் சிரித்தேன். அப்போதுதான் எனக்கும் அழுகை வந்தது. எங்கள் சத்தத்துக்கு நடுவே மெஷின் ஓட ஆரம்பித்தது. ஈரப் பேப்பர்தான். ஒரு இடத்திலும் நிற்கவில்லை. முதல் தாளையும் கடைசித் தாளையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தேன். இரண்டிலும் அதே மாநிறம், அதே அரைச் சிரிப்பு. ஜெனிட்டா கட்டை வாங்கிக்கொண்டு போனாள். அடக்கத்துக்கு வந்த நீங்கள் யாரும் சந்தியில் வழி கேட்டிருக்கமாட்டீர்கள். அவள் போன பிறகு குப்பைக்கூடையைப் பார்த்தேன். வெறுமையாக இருந்தது. துக்க நாளில் இப்படிச் சொல்வது முறையோ என்னவோ, அந்த நிமிடம் எனக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்தது.

அவருடைய பங்கு இப்போது ஜெனிட்டாவுக்கு. பாடற்குழுவில் அவர் இடத்தை யாரும் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது. என்னிடம் இருப்பது இரண்டு. காலையில் மெஷினின் முதுகில் கைவைக்கிற பழக்கம் ஒன்று. மற்றது அந்தச் சோதனை நோட்டீஸ். புதுப் பேப்பர் வந்தால் இன்றைக்கும் அதைத்தான் முதலில் ஓட்டிப் பார்க்கிறேன். முகம் சரியாக வருகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். அதில் இன்னும் திகதி போடவில்லை.