காலண்டர் அட்டையில் ஒரு தெரு

என் அக்கா மட்டாஞ்சேரியில் வீடு வீடாகக் குப்பை எடுப்பவள். நான் களமசேரியில் ஏசி அறையில் உட்கார்ந்து, அவள் குப்பை எடுத்தாளா என்று கண்காணிக்கும் ஆப்புக்கு பிராஜெக்ட் மேனேஜர். குடும்பமே குப்பையால் பிழைக்கிறது. ஆனால் விசிட்டிங் கார்டு எனக்கு மட்டும்தான்.

திட்டம் எளிது. ஒவ்வொரு வாசலிலும் ஒரு கியூஆர் ஸ்டிக்கர். குப்பையை எடுத்ததும் போனில் அதை ஸ்கேன் செய்தால், என் திரையில் அந்த வீடு சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறும். பத்து மணிக்குள் தெரு முழுக்கப் பச்சையாகாவிட்டால், அந்தப் பெண் அன்று வேலைக்கே வரவில்லை என்று பதிவாகிவிடும். இந்த விதியை எழுதிய மேதை நான்தான்.

முதல் வாரம் மட்டாஞ்சேரி முழுக்கச் சிவப்பு. பழைய கிடங்குகளின் தடித்த சுவர்களுக்கு நடுவே சிக்னல் எட்டிப் பார்க்காது. அங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? வேலைக்கான இன்டர்வியூவையே சிக்னலுக்காகப் படகு ஜெட்டிக்கு ஓடிப்போய்த்தான் போனில் பேசினேன். ஆனால் சிக்னல் இல்லை என்று மீட்டிங்கில் சொன்னால் அது என் குறை. பயிற்சி போதவில்லை என்றால் குப்பை எடுக்கும் பெண்களின் குறை. எதைச் சொல்லியிருப்பேன் என்று விளக்க வேண்டியதில்லை. வடையும் சாயாவும் கொடுத்து, போனை ஆடாமல் பிடிப்பது எப்படி என்று ஸ்லைடு போட்டுப் பாடம் நடத்தினேன். அக்கா முன்வரிசையில் உட்கார்ந்து வடையை மட்டும் கவனித்தாள்.

அடுத்த வாரமே அதிசயம். ஏழு மணிக்கெல்லாம் அக்காவின் தெரு முழுக்கப் பச்சை. அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். மேலதிகாரி உச்சி குளிர்ந்து, வெளியூர் விருந்தினர்களைக் கூட்டிப்போய் நேரிலேயே காட்டிவிடலாம் என்றார்.

முந்தின நாள் காலை ஒத்திகை பார்க்கப் போனேன். ஜெட்டிப் பக்கத்துச் சாயாக் கடை பெஞ்சில் அக்காவும் கூட வேலை செய்யும் பெண்களும் இருந்தார்கள். அக்காவின் மடியில் ஒரு பழைய காலண்டர் அட்டை. வாசல்களிலிருந்து வெந்நீர் தொட்டு உரித்த ஸ்டிக்கர்கள் அத்தனையும் அதில் வரிசையாக ஒட்டியிருந்தன. சாயா ஆறுவதற்குள் தெரு முழுவதையும் ஸ்கேன் செய்துவிட்டாள். எந்த இடத்திலிருந்து ஸ்கேன் செய்கிறார்கள் என்று சரிபார்ப்பதை இரண்டாம் கட்டத்துக்குத் தள்ளிவைத்தவனும் நான்தான்.

"நீதானடா சொன்னே, ஸ்கேன் ஆனாத்தான் வேலை ஆச்சுன்னு," என்றாள். "ஸ்கேன் ஆயாச்சு. இனி நாங்க போய் குப்பை எடுக்கட்டே."

அன்றே மேலதிகாரியிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் என் பச்சை போய்விடும். அட்டையை ஒளித்து வை என்று மட்டும் அக்காவிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் விருந்தினர் ஒருவர், ஒரு வாசலில் ஸ்கேன் செய்து காட்டச் சொன்னார். சுவரில் சதுரமாக ஒரு வெளுத்த தடம்தான் இருந்தது. யார் உரித்தது என்று மேலதிகாரி கேட்டார். அக்கா என்னைப் பார்த்தாள். இங்கே சிக்னல் இல்லை, தவறு என்னுடையது என்று சொன்னால் போதும். மீட்டிங்குகளில் மணிக்கணக்காகப் பேசும் என் வாயில் அப்போது கொழுக்கட்டை.

"நான்தான் பறிச்சது," என்றாள் அக்கா.

அந்த வாரமே அவளை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். 'தனிநபர் ஒழுங்குப் பிரச்சினை, தீர்க்கப்பட்டது' என்று அறிக்கை எழுதினேன். எழுதிய கையை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. வாசல்களில் அதே எண்களோடு புது ஸ்டிக்கர்கள் ஒட்டினோம். திரை மறுபடி ஏழு மணிக்கே பச்சையானது. ஏன் என்று நான் விசாரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். கப்பைக் கிழங்கும் மீன்கறியும் எடுத்து வைத்தாள். இப்போது உன் திரை பச்சையாகத்தானே இருக்கிறது என்று கேட்டாள். பச்சைதான் என்றேன்.

"பின்னே? அட்டையைக் கூட வேலை செஞ்ச பொண்ணுங்ககிட்ட கொடுத்துட்டுத்தானே வந்தேன்," என்று சொல்லிவிட்டு, என் தட்டில் இன்னொரு மீன் துண்டை வைத்தாள்.