வாழ்த்துமடலில் ஒரு வாய்க்கால்

எதையும் முன்பின் தெரியாதவர்களிடம் கேட்டுத்தான் எனக்குப் பழக்கம். இட்லி மாவு ஏன் பொங்கவில்லை, வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடிக்கலாமா, பாதியில் நிற்கும் கதையை எப்படி முடிப்பது என்று எல்லாவற்றையும் ஃபேஸ்புக் குழுவில் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பேன். பக்கத்து வீட்டில் கேட்டால் நம் வண்டவாளம் தெருவுக்கே தெரிந்துவிடும். முகம் தெரியாதவர்களிடம் அந்தக் கவலை இல்லை.

அப்பாவுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் என்று முடிவானபோது, வாழ்த்துமடல் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. கல்லூரி மலரில் நாலு கவிதை வந்த பாவத்துக்கு எங்கள் வீட்டில் நான்தான் எழுத்தாளர். மடலை அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, சாப்பாட்டுக்கு முன்னால் மைக்கில் படிக்க வேண்டும். அப்பாவைப் பற்றி நெகிழ்ச்சியாக ஒரு சம்பவமாவது அதில் இருக்க வேண்டாமா?

என்னிடம் ஒன்றுகூட இல்லை. எனக்கு நாலு வயதாகும்போது அப்பா மஸ்கட் போனார். பதினாலு வயதாகும்போதுதான் திரும்பி வந்து வயலைப் பார்க்க ஆரம்பித்தார். நடுவில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். நான் அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். “அந்த மாமா எப்ப ஊருக்குப் போவாங்க?” என்று ஒரு லீவில் அம்மாவிடம் கேட்டேன். அப்பா அப்போது பக்கத்தில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இதையா மடலில் எழுத முடியும்?

வழக்கம்போல் குழுவில் கேட்டேன். அப்பா வெளிநாட்டில் இருந்த கதையைச் சொல்லாமல், உங்கள் அப்பாவைப் பற்றி மறக்க முடியாத ஒரு நினைவைச் சொல்லுங்கள், எனக்கு எழுத உதவியாக இருக்கும் என்று மட்டும் போட்டேன். பலர் எழுதினார்கள். ஒருவர் எழுதியது என்னைப் பிடித்துக்கொண்டது. மழைக்காலத்தில் பள்ளிக்கூடம் போகும் வழியில் வாய்க்கால் நிரம்பி ஓடுமாம். அவருடைய அப்பா அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் அக்கரையில் இறக்கிவிட்டு, பிள்ளை பள்ளிக்கூட வாசலுக்குள் நுழையும்வரை இடுப்பளவு தண்ணீரிலேயே நிற்பாராம். அப்பா போன வருடம் தவறிவிட்டார் என்று கடைசியில் எழுதியிருந்தார். நான் அதற்கு ஓர் இதயக் குறியைப் போட்டுவிட்டு, அப்படியே எடுத்து மடலில் வைத்தேன். அவரிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

கலச நீர் விழுந்த தலை இன்னும் காயாமல் அப்பா மாலையோடு உட்கார்ந்திருந்தார். நான் வாய்க்கால் பகுதியைப் படித்தபோது குனிந்துகொண்டார். துண்டால் முகத்தைத் துடைத்தார். சொந்தக்காரர்கள் கைதட்டினார்கள். அந்த நிமிடம் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, அதை நினைத்தால்தான் இப்போது உடம்பு கூசுகிறது.

திரும்பி வரும் வேனில் அப்பா மெதுவாகக் கேட்டார்.

“ஏன் பாப்பா, அது எந்த லீவுல?”

“மூணாவது படிக்கறப்பப்பா” என்றேன். யோசிக்கவே இல்லை.

“எனக்கு ஞாபகமே வரலியே. நீ இத்தன வருஷமா வச்சிருந்திருக்கே.”

மறக்கக் கூடாத ஒன்றை மறந்துவிட்டோமே என்று அவர்தான் வெட்கப்பட்டார். முன் சீட்டிலிருந்து அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து பாத்திரம் ஒழிக்கும்போதுதான் வாயைத் திறந்தாள். “உங்கப்பா லீவுல வந்ததெல்லாம் சித்திர, வைகாசி. அப்ப வாய்க்கால்ல ஏதுடி தண்ணி? மேட்டூர் தெறந்து இங்க வர ஆனி ஆயிரும்.” வேறு எதுவும் கேட்கவில்லை.

உண்மையைச் சொல்லிவிடலாமா என்று மறுநாள் குழுவிலேயே கேட்டேன். புத்தி போகிற போக்கைப் பாருங்கள். சொல்லிவிடு என்றார்கள், சொல்லாதே என்றார்கள், ஒருவர் அப்பாவுக்கு ஞாபகமறதிப் பரிசோதனை செய்யச் சொன்னார். பதிவை அழித்தேன். அப்பாவிடம் சொல்லவில்லை. அவர் மடலை டிவிக்கு மேலே மாட்டிவிட்டார்.

ஒரு மாதம் கழித்து, மஸ்கட்டில் அப்பாவோடு ஒரே அறையில் இருந்த பெரியப்பா முறை ஒருவர் வந்தார். சட்டத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சத்தமாகப் படித்தார். வாய்க்கால் வந்ததும் நிறுத்தினார்.

“ஏம்ப்பா, நாம லீவுல வர்றது மே மாசமில்ல? தண்ணி எங்கேருந்து வந்துச்சு?”

வெள்ளத்துக்கு நிவாரணக் கணக்கெடுக்க வந்த வி.ஏ.ஓ.விடம், “மேல வயல் மூழ்கலைங்க, எழுதாதீங்க” என்று சொன்ன மனிதர் என் அப்பா. அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“தண்ணியெல்லாம் இவ கவிதைக்காகப் போட்டதுண்ணே. அது நல்ல வெயில். திருவிழாவுக்குக் கூட்டிட்டுப் போனேன். வழியில பாப்பாவுக்குச் செருப்பு அறுந்து போச்சு. தார் ரோடு கொதிக்குது. தோள்ல தூக்கி வச்சுக்கிட்டேன்.”

அப்படி ஒரு திருவிழா இல்லை. தோளில் ஏறுவதா, அவர் கையைப் பிடிக்கக்கூட நான் அந்த நாட்களில் சம்மதித்ததில்லை. அவருக்கும் அது தெரியும். எந்த மாதத்தில் எங்கே தண்ணீர் ஓடும் என்று அவருக்கா தெரியாது? என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கவா, அந்த ஒரு நினைவை விட்டுவிட மனமில்லாமலா, தெரியவில்லை. பொய்யே சொல்லாதவரை வீட்டுக் கூடத்தில் உட்காரவைத்துப் பொய் சொல்ல வைத்துவிட்டேன்.

பெரியப்பா என் பக்கம் திரும்பினார். “ஞாபகம் இருக்காம்மா ஒனக்கு?”

அப்பா தலையைத் தூக்கி என்னையே பார்த்தார்.

“நல்லா ஞாபகம் இருக்கு பெரியப்பா” என்றேன். “செவப்புச் செருப்பு.”

“ஆமா” என்றார் அப்பா. “செவப்புதான்.”